சிவப்பு நூல் சீவாளி

ஒரு சின்னக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா? குடிப்பதற்கு இல்லை. நாலு மணிக்கு ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை இருக்கிறது. போவதற்கு முன்னால் என் ஓபோக் குழலில் செருகி ஊதுகிற சீவாளியை ஊறப்போட வேண்டும். இப்போதே போடக் கூடாது, ரொம்ப ஊறினால் நனைந்த ரொட்டி மாதிரி ஆகிவிடும். நன்றி. மேசை ஓரமாக வைத்துக்கொள்கிறேன், உங்கள் காகிதங்கள் நனையாது.

இந்த நேர்மைக் குழுவின் முன்னால் உட்கார்ந்தவர் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது என்பது நம் கல்லூரியின் பழைய விதி. முதலாண்டில் அதை வாசித்தபோதே எனக்குப் பிடித்துப்போயிற்று. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேச ஆரம்பித்தால் நடுவில் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள், எனக்குத் தொடர்ச்சி போய்விடும். இன்று அந்தக் கவலை இல்லை.

வழக்கு என்னவென்று உங்களுக்குத் தெரியும். நம் கல்லூரியில் தேர்வு அறையில் காவலுக்கு யாரும் நிற்பதில்லை. தாளின் அடியில் ‘யாரிடமும் உதவி பெறவில்லை, யாருக்கும் உதவி தரவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம், அவ்வளவுதான். இசைத் துறையில் ஓபோ படிக்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு. கடைசி ஆண்டுத் தனிக் கச்சேரியில் தன் கையால் செய்த சீவாளியைத்தான் ஊத வேண்டும், அதற்கும் இதே வரியை எழுதிக் கொடுக்க வேண்டும். கொரின் ஆஷ்பி எழுதிக் கொடுத்தாள். ஆனால் அவள் ஊதிய சீவாளி அவள் செய்தது இல்லை. நான் செய்தது. இதை உங்களிடம் சொன்னவனும் நான்தான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

நான் இன்று வந்தது ஒரே ஒரு வாக்கியத்தைத் திருத்துவதற்காக. சற்று முன் எங்கள் ஓபோ ஆசிரியை மிஸ் ஹோல்ம் சொன்னதை வாசித்தீர்கள். மருத்துவர் கொரினின் வாயைப் பார்த்துச் சொன்னதையெல்லாம் அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். உதட்டைச் சுற்றி வளையம் போல ஒரு தசை இருக்கிறது. கொரினுக்கு அது உள்ளே கிழிந்திருக்கிறது. ஒட்டவைத்தாலும் பழையபடி பிடிக்காது. அதற்கெல்லாம் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதன் பிறகு ஒரு வாக்கியம் வந்தது. ‘தேர்ச்சியில்லாத கை செய்த மோசமான சீவாளிகளே இதற்குக் காரணம்.’ எனக்குக் காது சுட்டது. மிஸ் ஹோல்ம் மீது எனக்கு மரியாதை உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் மினியாபொலிஸிலிருந்து பனியில் கார் ஓட்டி வந்து எங்களுக்குச் சொல்லித்தருகிறவர். ஆனாலும் அந்த வாக்கியம் பொய். அதை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் மேற்கேயிருந்து வந்தவன். சர்க்கரை பீட்ரூட் வயல்களைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத இடம். எங்கள் பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் ஓபோ என்று ஒரு கறுப்பு மரக்குழல் அலமாரியில் கிடந்தது, யாருக்கும் ஊதத் தெரியாது. நான் எடுத்தேன். நூறு மைல் சுற்றளவில் சீவாளி விற்கிற கடை கிடையாது, அதனால் செய்யக் கற்றுக்கொண்டேன். நாணலைப் பிளந்து, மடித்து, ஒரு சின்னக் குழாயில் நூலால் இறுக்கிக் கட்டி, கத்தியால் சீவ வேண்டும். நுனி வழியாகக் கண்ணாடி மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டும். நடுப்பகுதிக்கு இதயம் என்று பெயர், அதில் கொஞ்சம் சதை விட வேண்டும். ஓபோக்காரர்கள் ஊதுகிற நேரத்தைவிடச் சீவுகிற நேரம்தான் அதிகம். மற்ற வாத்தியக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள். எனக்கு அது கேலியாகப் பட்டதே இல்லை.

கொரின் டுலூத்திலிருந்து வந்தவள். அப்பா துறைமுகத்தில் இரும்புத்தாதுக் கப்பல்களில் வேலை. முதலாண்டு முதல் வாரமே நாங்கள் இரண்டு பேரும் அடித்தளத்தில் இருக்கிற சீவாளி அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தோம். அவளுக்குக் கத்தி பிடிக்கவே வரவில்லை. நாணலையும் கெடுத்து, கட்டைவிரலையும் கிழித்துக்கொண்டு, ரத்தத்தைச் சட்டையில் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

“எனக்கு இது ஆகாதுடா சாமி. இந்தப் புல்லைச் சீவறதுக்குள்ள ஒரு மனுஷ மூளையையே திறந்து தைச்சு மூடிடலாம். நீ ஒண்ணு செஞ்சு தாயேன்.”

அவள் மூளை அறிவியலும் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு துறை. அது போக மண்பாண்டம், பறக்கும் தட்டு விளையாட்டு, அரபு மொழி. இது இளங்கலைக் கல்லூரி, இங்கே யாரும் எதையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாம். முழு மனிதனை உருவாக்குகிறோம் என்று சேரும்போது நம்மிடம் சொன்னார்கள். நான் முழு மனிதனாக வரவில்லை. ஓபோ ஊத வந்தேன். தூக்கம், சாப்பாடு, நட்பு எல்லாவற்றையும் அதில் போட்டேன்.

அன்று என் சீவாளி ஒன்றை அவளிடம் கொடுத்தேன். அவள் ஊதினாள்.

அந்த நாதத்தை நான் சின்ன வயதிலிருந்து மனதுக்குள் கேட்டிருக்கிறேன். அதற்காகத்தான் அத்தனை நாணலைச் சீவினேன். என் வாயில் அது ஒருநாளும் வந்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஒரு கையால் பையை மூடியபடி அவள் அதை ஊதினாள். அது என் நாதம். அவளுடையது வெறும் காற்றுதான். இதை நான் அவளிடமோ வேறு யாரிடமோ சொன்னதில்லை. சொன்னால் பொறாமை என்பீர்கள். பொறாமை என்பது அடுத்தவன் பொருள் மீது வருவது. இது என் பொருள்.

அதன் பிறகு அவளுக்கு நான்தான் சீவாளி. ஓபோக்காரர்கள் ஆளுக்கொரு நிறத்தில் நூல் வைத்துக்கொள்வார்கள், யார் கட்டியது என்று பார்த்தாலே தெரியும். என்னுடையது சாம்பல் நிறம். அவளுடையது சிவப்பு. அவளுக்குச் செய்வதைச் சிவப்பு நூலில் கட்டினேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, அப்படியே பழகிவிட்டது. ஆர்கெஸ்ட்ராவில் அவள் முதல் ஓபோ, நான் இரண்டாவது. இரண்டாவது ஓபோவின் வேலை முதலாவது ஊதுவதற்குக் கீழே தரைவிரிப்பு போடுவது. நான் அதை நன்றாகச் செய்தேன் என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் நாற்காலி மீது எனக்கு ஆசை இருந்தது என்று நினைக்காதீர்கள். நாற்காலி ஒரு நாற்காலிதான்.

மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் ஆர்கெஸ்ட்ராவோடு தனித்து வாசிக்கிற போட்டியில் அவள் ஜெயித்தாள். அன்றைய விருந்தில், வெளியூரிலிருந்து நடுவராக வந்த பெரியவர் அவளிடம் கேட்டார்.

“இந்த நாதம் எங்கேருந்தும்மா வருது? சீவாளி யாருகிட்ட வாங்கறே?”

கொரின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். “அதுக்கெல்லாம் நம்மகிட்ட ஒரு ஆளு இருக்கான் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஆள் யார் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என் தட்டில் எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு இருந்தது. அதை முழுக்கத் தின்றுவிட்டு அவளுடைய கோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் திட்டமிட்டு அவமானப்படுத்தவில்லை. அது எனக்குத் தெரியும். அதுதான் ஆத்திரமாக இருந்தது. திட்டமிட்டிருந்தால் என்னை ஒரு ஆளாக நினைத்திருக்கிறாள் என்றாவது இருந்திருக்கும்.

வெளியே வரும்போது நான் கேட்டேன், கல்லூரி முடிந்ததும் எந்த இசைப்பள்ளிக்குப் போகப்போகிறாய் என்று.

“ஓபோவா? அதெல்லாம் காலேஜோட சரிடா. மெடிக்கல் போறேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஊதச் சொன்னா ஊதுவேன், அவ்வளவுதான். எதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சுக்கறே? நீ ஊது. நீதான் இதுக்குன்னே பொறந்திருக்கியே.”

கார் நிறுத்துமிடத்தில் பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. அவள் துள்ளித் துள்ளிக் கடந்து போனாள். எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப்போவதில்லை. என் நாதத்தை மூன்று வருடம் வாயில் வைத்திருந்துவிட்டு, மென்ற சூயிங்கத்தைப் போலக் குப்பையில் துப்பிவிட்டுப் போகப்போகிறாள். கத்தினால் என்ன ஆகும்? நான் கத்துகிறவன் இல்லை. என் அறைக்குப் போய்க் கத்தியைச் சாணை பிடித்தேன்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மிஸ் ஹோல்மின் வாக்கியம் ஏன் பொய் என்பது இங்கேதான் இருக்கிறது.

ஆர்கெஸ்ட்ராவில் எல்லா வாத்தியமும் முதல் ஓபோவிடம்தான் சுருதி வாங்கும். அதனால் முதல் ஓபோக்காரர்கள் சுருதி காட்டுகிற கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். கொரின் வைத்துக்கொண்டதே இல்லை. அவள் காது அப்படிப்பட்டது. அவளுக்கு அதில் பெருமையும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஊதுவாள், சுருதி ஊசிமுனையில் நிற்கும். அந்தக் காதை நம்பித்தான் நான் வேலையைத் தொடங்கினேன். சீவாளியின் வாயை ஒரு மயிரிழை அகலமாக விட்டேன். இதயத்தில் ஒரு மயிரிழை சதை கூட விட்டேன். அப்படிச் செய்தால் சுருதி ஒரு துளி கீழே இறங்கும். கருவி வைத்திருக்கிறவள் ஊசியைப் பார்த்துவிட்டு, சீவாளி சரியில்லை என்று தூக்கிப் போட்டிருப்பாள். கொரினின் காது இறக்கத்தைக் கண்டுபிடித்த மறுகணமே அவள் உதடு இறுக்கி மேலே ஏற்றிவிடும். அவளுக்கே தெரியாது. சுருதி சரியாக இருக்கிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். விலையை உதடு கொடுத்தது.

அடுத்த சீவாளியில் இன்னும் ஒரு மயிரிழை. கோடை முழுக்க அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். இலையுதிர் காலத்தில் அவள் திரும்பி வந்தபோது நாதம் கனத்திருந்தது. தடித்த சீவாளி அப்படித்தான் ஒலிக்கும். மிஸ் ஹோல்ம் என் முன்னாலேயே அவளிடம் சொன்னார்.

“என்ன பண்ணினே நீ? தேன் மாதிரி இறங்குது. இதை விட்டுடாதே.”

மோசமான சீவாளி என்று சொல்கிறவர் அன்று தேன் என்றார். மோசமான சீவாளி செய்வது எளிது. முதலாண்டு மாணவன் யாரும் செய்வான். அது கிறீச்சிடும், ஆசிரியர் வாங்கி உடைத்துப் போடுவார். ஊதுகிறவளுக்குப் பிடித்து, கேட்கிறவர்களுக்குப் பிடித்து, ஆசிரியைக்குப் பிடித்து, அதே சமயம் வாயை உள்ளுக்குள் தின்றுகொண்டே போகிற சீவாளியைச் செய்வதற்கு எவ்வளவு கை வேண்டும் என்று நீங்கள் யோசிக்க வேண்டும். ஒருமுறை மிஸ் ஹோல்ம் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வாய் கொஞ்சம் அகலமோ என்று கேட்டார். “குளிர்காலம் மிஸ் ஹோல்ம், காத்துல ஈரமே இல்ல, தானா மூடிக்கும்” என்றாள் கொரின். அந்தப் பதிலை அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பதில் சரியானதும்கூட. நம் ஊர்க் குளிரில் சீவாளி மூடிக்கொள்ளத்தான் செய்யும்.

நவம்பரில் நன்றி தெரிவிக்கும் பண்டிகை விடுமுறை முடிந்து திரும்பி வந்ததும் அவள் முதன்முறையாகச் சொன்னாள்.

“ஆர்லன், உதடு மரத்துப்போகுதுடா. காப்பி குடிச்சா ஓரமா வழியுது. உனக்கு இப்படி ஆனதுண்டா?”

“எல்லாருக்கும் ஆகும்,” என்றேன். “தசை பலமாகுது. நீட்டி நீட்டி ஒரே ஸ்வரத்தைப் புடி. வலிச்சா நிறுத்தாதே.”

ஐஸ் கட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாட்டுக்கூடத்திலிருந்து சூப் வாங்கி வந்தேன், மென்று தின்ன அவளுக்குச் சிரமமாக இருந்தது. அந்த மாதங்களில் அவளை என் அளவுக்கு யாரும் கவனித்துக்கொள்ளவில்லை. அதோ கொரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மேவ், அவளோடு அறையில் இருக்கிறவள், ஒருநாள் என்னைப் படிக்கட்டில் மறித்தாள்.

“அவ தூங்கறப்பகூட வாய் துடிக்குது ஆர்லன். டாக்டர்கிட்ட போன்னு நான் சொன்னா, உனக்கு ஓபோ பத்தி என்னடி தெரியும்னு எகிர்றா. நீ சொன்னாத்தான் கேப்பா. சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

மேவ், உட்கார். விதி என்று ஒன்று இருக்கிறது. நான் இன்னும் முடிக்கவில்லை.

இதுவரை கேட்டதும் நீங்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே பதில் சொல்லிவிடுகிறேன். அவளிடமிருந்து நான் எதைப் பறித்தேன்? மருத்துவம் படிக்கப் போகிறவளுக்கு உதட்டுத் தசை எதற்கு? கையைத் தொடவில்லை, கண்ணைத் தொடவில்லை, மூளையைத் தொடவில்லை. அவள் தூக்கிப் போடப்போவதாகச் சொன்ன ஒன்றை நான் கொஞ்சம் முன்னாலேயே வாங்கிக்கொண்டேன். இந்த நியாயம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஜனவரி வரைக்கும்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் அவள் சீவாளி அறைக்கு வந்தாள். வெளியே குளிர் மூக்கை அறுத்தது. அவள் முகம் சிவந்திருந்தது, ஓடி வந்திருந்தாள். என் எதிர்மேசையில், முதலாண்டில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

“யாருக்கும் இன்னும் சொல்லல. அப்பாவுக்குக்கூட. முதல்ல உனக்குத்தான் சொல்றேன். மெடிக்கல் போகலடா. எல்லாத்தையும் வேண்டாம்னு எழுதிப் போட்டுட்டேன். இசைப்பள்ளிக்குப் போறேன். இந்த வருஷம் என் நாதம் மாறிடுச்சு பாரு, அதைக் கேட்டப்புறம் இதை விட்டுட்டு என்னால இருக்க முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. உன்னாலதான் ஆர்லன். உன் சீவாளியாலதான். அன்னிக்கு அந்தப் பெரியவர்கிட்ட ஆளு இருக்கான்னு சொன்னேன் இல்ல? ரொம்ப நாளா அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. மன்னிச்சுக்கோடா. கச்சேரி முடிஞ்சதும் மேடையில நின்னு எல்லார் முன்னாடியும் உன் பேரைச் சொல்லப்போறேன். கையெழுத்து, விதி, என்ன ஆனாலும் ஆகட்டும்.”

இப்போது அவள் என்னைப் பார்க்கிறாள். அவள் அப்படிச் சொன்னாளா இல்லையா என்று நீங்களே அவளைக் கேட்டுக்கொள்ளலாம்.

அன்று நான் நிறுத்தியிருக்கலாம். ஒரு மாதம் ஓய்வும் மெல்லிய சீவாளியும் கொடுத்திருந்தால் தசை தேறியிருக்கும். அது எனக்குத் தெரிந்திருந்தது. அவள் போன பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். எனக்குக் கோபம் இன்னும் அதிகமாகியிருந்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது சொல்லத் தெரியும். தூக்கிப் போடுகிறவளை மன்னிக்கலாம். இவள் எடுத்துக்கொண்டு போகப்போகிறாள். என் பெயரை ஒருமுறை மேடையில் சொல்லிவிட்டு, அந்தக் கூலியோடு என்னை இங்கேயே விட்டுவிட்டு, என் நாதத்தை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளப்போகிறாள்.

நல்ல நாணல் ஒன்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். நாணலை நீளவாக்கில் மூன்றாகத்தான் பிளப்போம். ஒரு துண்டை வீணாக்கினேன், எவ்வளவு சதை விட்டால் நாதம் காட்டிக்கொடுக்கும் என்று பார்ப்பதற்காக. இரண்டாவது துண்டில் அந்த எல்லைக்கு ஒரு மயிரிழை இந்தப் பக்கம் நிறுத்தினேன். சிவப்பு நூலில் கட்டினேன். அதுதான் அந்தப் பிளாஸ்டிக் உறையில் உங்கள் முன்னால் இருப்பது. நான் செய்ததிலேயே கடினமான வேலை அது.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். டுலூத்திலிருந்து அவள் அப்பா அம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பியானோ வாசித்தவருக்குப் பக்கம் திருப்ப நான் மேடையில் இருந்தேன், அவளே கேட்டுக்கொண்டாள். முதல் உருப்படி பிரமாதமாக இருந்தது. நம் மண்டபத்தில் அப்படி ஒரு ஓபோவை யாரும் கேட்டிருக்க மாட்டீர்கள். இரண்டாவதில், நீண்டு இறங்குகிற இடத்தில், உதட்டோரமாகக் காற்று கசிந்தது. அவள் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி ஊதினாள். வெறும் காற்று வந்தது. சபையைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. திரும்பவும் வைத்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் பியானோ தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தது. நான் பக்கத்தைச் சரியான இடத்தில் திருப்பினேன். அவள் அப்பா எழுந்து நின்றார். அதற்கப்புறம்தான் பியானோ நின்றது.

என் பெயரை அவள் சொல்ல முடியவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கல்லூரியே உருளைக்கிழங்கு வேகவைத்து அவள் அறைக்குக் கொண்டுபோயிற்று. பாதிக் கச்சேரியை முழுக் கச்சேரியாக எடுத்துக்கொண்டு முதல் தரம் தருவதென்று துறை முடிவு செய்தது. முதல் தரம். பாதிக்கு. அதையும் என் சீவாளியில். அப்போதுதான் இந்தக் குழுவுக்கு நான் சொன்னேன், அவள் கையெழுத்துப் போட்டது பொய் என்று. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் இங்கே வந்து உட்கார்ந்து, அந்த வாக்கியத்தைக் கேட்டதும், நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று புரிந்தது. நீங்கள் விசாரிப்பது என்ன? அவள் உதவி பெற்றாளா என்பது. இப்போது நான் சொன்னதையெல்லாம் கேட்டீர்கள். ஒரு வருடமாக நான் அவளுக்குக் கொடுத்தது எதுவும் உதவி இல்லை. ஒரு சீவாளிகூட அவளுக்கு நல்லது செய்யவில்லை, அதற்காகச் செய்யப்படவும் இல்லை. ஆகவே யாரிடமும் உதவி பெறவில்லை என்று அவள் எழுதியது உண்மை. கொரின் குற்றமற்றவள். அவளை விட்டுவிடுங்கள். இதை அவளுக்காகச் சொல்ல என்னைத் தவிர யாரும் இல்லை, அதனால்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மேவ் அழுகிறாள். அவள் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

மிஸ் ஹோல்மின் வாக்கியத்தை மட்டும் அடித்துவிடுங்கள். ‘மோசமான’ என்ற சொல்லையும் ‘தேர்ச்சியில்லாத’ என்ற சொல்லையும். மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது துண்டு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இதோ இருக்கிறது. அந்த உறையில் இருப்பதன் உடன்பிறப்பு, அதே நாணல், சாம்பல் நூல். இதில் நான் எந்த வேலையும் காட்டவில்லை. மெல்லிய நுனி, அளவான இதயம், உதட்டைக் கொஞ்சம்கூடக் கேட்காது. இப்போது தண்ணீரில் போடுகிறேன், இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஊறிவிடும். கச்சேரி நாளிலிருந்து முதல் ஓபோவின் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ஆர்கெஸ்ட்ரா பாவம், பியானோவிடம் சுருதி வாங்கிக்கொண்டிருக்கிறது. நான் பக்கத்து நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், நாற்காலி ஆசை எனக்கு இல்லை என்று முன்னமே சொன்னேன்.

கதவருகில் நிற்கிறவர் யாராவது ஒருவர் மண்டபத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல முடியுமா? இன்றைக்குச் சுருதி நான் கொடுக்கிறேன், பத்து நிமிஷம் காத்திருக்கச் சொல்லுங்கள்.